பிள்ளையோடு கம்பஸ் பார்க்கப் போகிறவர்களுக்கு

முதலில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கம்பஸ். திருச்சியில் பிறந்து பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வந்த என் மகளுக்கு இது தெரியாது. எனக்கும் மறந்துபோயிருந்தது, 1990இல் இந்தியாவுக்குப் படகேறியபோது எனக்குப் பத்து வயது.

வந்த இரண்டாம் கிழமை ஓட்டோவில் ஏறி, "அண்ணா, இங்க நல்ல காலேஜ் எல்லாம் பாக்கணும்" என்றாள். அவர் நேரே சுண்டுக்குளி மகளிர் கல்லூரி வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். உள்ளே இரட்டைப் பின்னலும் வெள்ளைச் சீருடையுமாகச் சின்னப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மகள் என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க, "கொலிச் எண்டுதானே பிள்ளை கேட்டது?" என்றார். சரிதானே!

அந்தப் பயணம் அப்படிப் போனாலும், அதற்குப் பிறகு ஒழுங்காகவே போய்ப் பார்த்தோம். இந்தியாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ திரும்பி வந்து குடியேறும் குடும்பங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஏ.எல். (பிளஸ் டூ மாதிரியான உயர்தரப் பரீட்சை) பாடங்களைத் தெரிவுசெய்வதற்கு முன்னரே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏ.எல். முடிந்த பிறகு போவதில் பெரிதாகப் பயனில்லை.

காரணம், வெளிநாட்டில் நான்கைந்து இடங்களைச் சுற்றிப்பார்த்து, பிடித்ததற்கு விண்ணப்பம் போடுவார்கள். இங்கே விருப்ப வரிசை எழுதலாம். ஆனால் எங்கே இடம் என்பதைச் சொல்வது இசட் ஸ்கோர், அதாவது பாடங்களுக்கிடையே ஒப்பிடும்படி சமப்படுத்திய ஏ.எல். புள்ளி. பயோ, மட்ஸ், கொமர்ஸ் பக்கத்துப் பாடநெறிகளில் பெரும்பாலானவற்றுக்கு 40 வீத இடங்கள் முழு இலங்கைக்கும் பொதுவான தகுதி வரிசையில் போகும். 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரியும். மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு; கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதற்குள் வரும். ஆகவே எந்த மாவட்டத்தில் வீடு எடுக்கிறீர்கள், பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறீர்கள் என்பதுகூட இந்தக் கணக்கில் சேரும். பல்கலைக்கழக அனுமதிக் கைநூல் தமிழிலேயே கிடைக்கிறது. ரியூசன் வாத்தியார் சொல்வதைக் கேட்பதற்கு முன் அதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். வெளிநாட்டில் எடுத்த சான்றிதழைச் சமப்படுத்துவது, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருக்கும் பிள்ளைகளின் வழி, இரண்டும் வேறு கதைகள். இங்கே அவற்றுக்குள் போகவில்லை.

யாழ்ப்பாணக் கம்பஸ் இருப்பது திருநெல்வேலியில். ஊர்ச்சனம் தின்னவேலி என்றுதான் சொல்லும். அல்வா கேட்டுவிடாதீர்கள். 1921இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில்தான் 1974இல் கம்பஸ் தொடங்கியது. இன்றைக்கும் பலாலி வீதியில் பரமேஸ்வராச் சந்தி என்றால் பஸ்ஸில் இறக்கிவிடுவார்கள். நாங்கள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. விழா நாளைவிடச் சாதாரண நாள்தான் நல்லது. வாசலில் காவலாளி, "ஆரைப் பாக்க வந்தனீங்கள்?" என்று கேட்டார். அங்கே வேலை செய்யும் ஒன்றுவிட்ட தம்பியின் பெயரைச் சொன்னதும் விட்டார். தெரிந்தவர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அலைச்சல் மிச்சம்.

எனக்கு முதலில் கண்ணில் பட்டது வளவுக்குள் இருக்கும் பரமேஸ்வரன் கோயில். மகளுக்குக் காதில் விழுந்தது சிங்களம். விஞ்ஞானம், பொறியியல் போன்ற பீடங்களுக்குத் தெற்கிலிருந்து நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள். அங்கெல்லாம் படிப்பு ஆங்கிலத்தில். இதை ஊரில் எவரும் எனக்குச் சொல்லவில்லை. தமிழில் ஏ.எல். எழுதிவிட்டுப் போகும் பிள்ளைக்கு முதலாம் வருடம் கொஞ்சம் மூச்சு முட்டும். இந்தியாவில் ஆங்கில வழியில் படித்த பிள்ளைகளுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதிர்ஷ்டம்.

முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியும் உள்ளேதான் இருக்கிறது. 2021 ஜனவரியில் ஓர் இரவு இடித்தார்கள். ஏப்ரலில் திரும்ப எழும்பிவிட்டது. மகள் அதன் முன்னால் நின்று நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். நான் சொல்லவில்லை. பிறகு வீட்டில் சொன்னேன்.

அப்புறம் கன்ரீன். நேரம் குறைவென்றால் கட்டடங்களை விட்டுவிட்டு அங்கே போய் இருங்கள். பிளேன்ரீயும் ரோல்ஸும் வாங்கிக்கொண்டு இருந்தோம். பக்கத்து வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி பார்மசி படிக்கிறாள். மூன்று தரம் ஏ.எல். எழுதினாளாம். மூன்று தரத்துக்கு மேல் கணக்கில் எடுக்கமாட்டார்கள். முதல் இரண்டு தரமும் டொக்டர் ஆக எழுதினேன், மூன்றாம் தரம் எனக்காக எழுதினேன் என்று சிரித்தாள். மகள் அவளிடம் கேட்ட கேள்விகளை என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை: விடுதி எப்படி, இரவில் லைபிரரியில் இருந்துவிட்டு எப்படிப் போவது, சீனியர்மார் தொந்தரவா. நான் தேத்தண்ணிக் கப்பைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். நீங்களும் அப்படியே இருங்கள். முடிந்தால் எழும்பி ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். றாக்கிங் பற்றிக் கேட்க வெட்கப்பட வேண்டாம். அதைத் தடுக்க 1998ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

பொறியியல், விவசாயம், தொழினுட்பம் மூன்றும் கிளிநொச்சி அறிவியல்நகரில். வவுனியா பஸ்ஸில் ஏறினால் ஏ-9 வீதியிலேயே இறங்கலாம். தண்ணீர்ப் போத்தலும் குடையும் எடுங்கள். தின்னவேலியின் நெருக்கத்தைப் பார்த்த கண்ணுக்கு அது வெட்டவெளி. எனக்கு அந்த இடம் பிடித்தது. மகள், "கடைத்தெருவே இல்லையே அம்மா" என்றாள். இரண்டு பேரும் பார்த்தது ஒரே இடத்தைத்தான்.

நான் மனதுக்குள் பயோ என்று முடிவு கட்டிவைத்திருந்தேன். அவள் இன்னும் வாய் திறக்கவில்லை. கம்பஸின் இசையும் நடனமும் படிப்பிக்கும் பீடம் இருக்கிற மருதனார்மடத்துக்கு வருகிற கிழமை போகவேண்டும் என்கிறாள். எந்த பஸ் என்று அவளே விசாரித்து வைத்துவிட்டாள்.