டோக்குவிக்கி நிறுவப் போகிறீர்களா? தமிழ்த் தலைப்பைக் கவனியுங்கள்

எங்கள் ஊர் மீனவர் பேச்சுச் சொற்களைத் தொகுக்க, ஆறு பேர் சேர்ந்து எழுதும் தளம் தேவைப்பட்டது. 1995இல் முதல் விக்கியை, அதாவது பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையதளத்தைத் தந்த வார்டு கன்னிங்காம் அதற்கான நிரலைத் தானே எழுத வேண்டியிருந்தது. இன்று எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது.

விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கி அருமையான மென்பொருள்தான். ஆனால் சின்னக் குழுவுக்கு நான் டோக்குவிக்கியைத்தான் சொல்வேன். ஆந்திரியாஸ் கோர் 2004இல் தொடங்கியது. ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண உரைக்கோப்பு, தரவுத்தளமே வேண்டாம். பிஎச்பி என்ற நிரல்மொழி ஓடும் மலிவான ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் வாடகை இடம்) போதும். பேக்கப் எடுக்க ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தால் சரி.

டோக்குவிக்கியின் கோப்புகளை ஹோஸ்டிங்கில் ஏற்றி, உலாவியில் இன்ஸ்டால்.பிஎச்பி பக்கத்தைத் திறந்து படிவத்தை நிரப்புங்கள். யாரும் படிக்கலாம், உறுப்பினர் மட்டும் எழுதலாம் என்ற 'பப்ளிக் விக்கி'யைத் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் அந்த இன்ஸ்டால் கோப்பை அழித்துவிடுங்கள்.

அப்புறம், ஒரு பக்கம்கூட எழுதுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். நான் இரண்டு நாள் திண்டாடியது இங்கேதான். 'வாடைக்காற்றில் வலை இழுக்கும்போது சொல்லும் சொற்கள்' என்று தலைப்பு வைத்தேன். பக்கம் சேமிக்கவே மறுத்தது. தலைப்புதான் கோப்பின் பெயராகிறது. டோக்குவிக்கி அதை வழக்கமாக யூஆர்எல் குறியீடாக, அதாவது இணைய முகவரிகளில் வரும் % குறிகளாக மாற்றி வைக்கும். 'அம்மா' நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறிகள். குறிக்கு ஒன்பது வீதம் 45 இடம் போய்விடும்! பெரும்பாலான சர்வர்களில் கோப்புப் பெயருக்கு 255தான் எல்லை. கடைசியில் '.txt' வேறு சேர்வதால், இருபத்தேழு குறிகளைத் தாண்டினாலே சிக்கல்.

நிர்வாகப் பக்கத்தின் கான்ஃபிகரேஷன் அமைப்பில், 'அட்வான்ஸ்டு' பகுதியில் கோப்புப் பெயர்க் குறியீட்டு முறை இருக்கும். அதை யூடிஎஃப்-8 என்று மாற்றுங்கள். தமிழ் எழுத்தை % குறிகளாக்காமல் அப்படியே சேமிக்கும் முறை இது. குறிக்கு மூன்று இடம்தான். தலைப்பைத் தாராளமாக எழுதலாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த நண்பர், பழைய பக்கங்கள் காணாமல் போய்விட்டதாகப் பதறினார். எதுவும் அழியவில்லை, பழைய கோப்புகளின் பெயர் புதிய முறைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். அமைப்பைப் பழையபடி வைத்து, பக்கங்களின் உரையை நகலெடுத்துக்கொண்டு, மறுபடி மாற்றி ஒட்டுங்கள். அவருக்கு இருபது பக்கம். ஒரே மாலையில் முடித்துவிட்டார்.