போலி வங்கி மெயில்: புகார் செய்வதில் கோட்டைவிடும் இடங்கள்

‘உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது, இன்றைக்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்’ என்று வங்கியின் பெயரில் மெயில் வருகிறது. போலி என்று புரிந்ததும் பலர் அதை அழித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அவர்கள் தப்பித்தார்கள், சரி. அந்த லிங்க் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அடுத்து அதைத் தொடப்போவது பென்ஷன் பணத்தை நம்பி வாழும் ஒரு பெரியவராக இருக்கலாம். வங்கிக்குத் தகவல் போனால்தான் அந்தப் போலித் தளத்தை முடக்க நடவடிக்கை எடுக்க முடியும்.

புகார் செய்பவர்களும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி நிறுத்திக்கொள்கிறார்கள். மெயில் எந்த சர்வரிலிருந்து கிளம்பியது, எந்த வழியாக வந்தது என்ற விவரமெல்லாம் அதன் ஹெட்டரில், அதாவது மெயிலோடு மறைந்து வரும் பயணக் குறிப்பில் இருக்கிறது. படத்தில் அது வராது. சாதாரணமாக ஃபார்வர்டு செய்தாலும் போய்விடும். கணினியில் ஜிமெயிலில் அந்த மெயிலைத் திறந்து, மேல் வரிசையிலுள்ள மூன்று புள்ளி மெனுவில் அதை அட்டாச்மென்ட்டாக ஃபார்வர்டு செய்யுங்கள். ஃபிஷிங் (விவரங்களைத் திருடும் போலி மெயில்) என்று கூகுளுக்குத் தெரிவிக்கும் வசதி, மெயிலுக்குள் பதில் பட்டனுக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளி மெனுவில் உண்டு.

எங்கே அனுப்புவது? அந்த மெயிலுக்கே பதில் போடக் கூடாது, அதிலுள்ள எண்ணை அழைக்கவும் கூடாது. கூகுளில் தேடிக் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்ணிலும் மோசடிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏடிஎம் கார்டின் பின்புறம் உள்ள எண்ணை நம்புங்கள், அல்லது வங்கியின் தளத்தை நீங்களே டைப் செய்து திறந்து, புகார் அனுப்பும் முகவரியைத் தேடுங்கள். இந்திய வங்கிகளின் தளங்கள் 2025 அக்டோபர் 31-க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ (.bank.in) என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. தளத்தின் முகவரி அப்படி முடிகிறதா என்று பாருங்கள். ஆனால் அனுப்புநர் பெயரையும் முகவரியையும் யாரும் போலியாக இட முடியும் என்பதால், மெயிலின் முகவரியை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள்.

பாஸ்வேர்டையோ ஓடிபியையோ கொடுத்துவிட்டவர்கள் செய்யும் தவறுதான் என்னை மிகவும் வருத்துகிறது. வெட்கப்பட்டு, வீட்டில்கூடச் சொல்லாமல் மறைக்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதனால் முதலில் வங்கியை அழைத்துக் கணக்கையும் கார்டையும் முடக்குங்கள். கையோடு சைபர் குற்றங்களுக்கான அரசு உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் நிறுத்திவைக்க முயல்வார்கள். 1930-இல் சொன்னாலே வங்கிக்குச் சொன்னதாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு இடத்திலும் புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், அந்த மெயிலை அழிக்காமல் வையுங்கள். பிறகு யாராவது அழைத்து, கட்டணம் கட்டினால் பணத்தை மீட்டுத் தருவதாகச் சொன்னால், அதையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.