அலமரல்: ஒரு பழைய சொல்லை இன்றைக்கு எப்படிப் புழங்குவது

என் தங்கைக்குப் பிரசவ வலி எடுத்த ராத்திரி, வார்டு வாசலில் மாப்பிள்ளை செய்துகொண்டிருந்ததை அப்படியே சொல்கிறேன். தண்ணீர் கேனுக்குப் போவார், டம்ளரில் பாதி பிடிப்பார், குடிக்காமல் மேலேயே வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் வருவார், கதவில் ஒட்டியிருந்த பார்வையாளர் நேரத்தைப் புதிதாகப் படிப்பது போலப் படிப்பார், போனை எடுப்பார், பார்க்காமல் சட்டைப் பையில் போடுவார், மறுபடி கேன். ஒரு மணி நேரத்துக்கும் மேலே இதே வட்டம். கடைசியில் அவர் அம்மா பொறுக்க முடியாமல், "குட்டி போட்ட பூனையாட்டம் சுத்தாம ஒரு இடமா உட்காருடா" என்றார்.

இதற்கு எழுத்தில் என்ன சொல் போடுவீர்கள்? பதற்றம் என்று எழுதலாம், ஆனால் அதில் நடை இல்லை. உலாத்தினார் என்று எழுதலாம், அதில் கவலை இல்லை. மனம் நிலைகொள்ளாததையும் உடம்பு ஓரிடத்தில் நில்லாததையும் சேர்த்துச் சொல்ல நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: அலமரல். பழசு என்று பரணில் போட்டுவிட்டோம், அதை எப்படி இறக்கிப் பயன்படுத்துவது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் பொருள். தொல்காப்பியம் சொல்லதிகாரத்து உரியியலில் ஒரே வரியில் முடித்துவிடுகிறது: "அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி." அவ்வளவுதான். கவலை என்றோ துன்பம் என்றோ சொல்லவில்லை, சுழற்சி என்று மட்டும். அதே இயலில், எல்லாருக்கும் தெரிந்த சொல்லை விளக்க வேண்டாம், வெளிப்படையாகப் புரியாத சொற்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு என்ற பொருளில் இன்னொரு நூற்பாவும் இருக்கிறது. அப்படியென்றால் அந்தக் காலத்திலேயே அலமரல் பொருள் சொல்லித் தர வேண்டிய சொல்லாகத்தான் இருந்திருக்கிறது. அதனால் உங்களுக்கு இன்றைக்குத் தெரியாமல் போனதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. (அலமாரிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அது போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்து விட்டுப்போனது.)

இந்தச் சுழற்சியைத்தான் நீங்கள் சோதனையாக வைத்துக்கொள்ள வேண்டும். எழுத வந்த ஆளோ பொருளோ மனமோ சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறதா, வந்தும் அங்கே தங்க முடியவில்லையா, அப்போது அலமரல். மாப்பிள்ளையின் கேனும் கதவும் அதுதான். சுற்றல் இல்லாத வெறும் பயத்துக்கு இந்தச் சொல்லைப் போட்டால் ஒட்டாது. பரீட்சை ஹாலில் வினாத்தாளைப் பார்த்து உறைந்துபோனவன் அலமரவில்லை, உறைந்துதான் போனான்.

அடுத்தது வினைவடிவம், பலர் இடறும் இடம். வேர் அலமரு. இதை 'வரு' மாதிரி நடத்துங்கள், சிக்கல் தீர்ந்தது. வருகிறான், வந்தான், வருவான் என்பது போல அலமருகிறான், அலமந்தான், அலமருவான். வந்து, வந்த, வரும் என்பது போல அலமந்து, அலமந்த, அலமரும். 'அலமரித்தான்' என்றும் 'அலமரல் செய்தான்' என்றும் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், இரண்டும் வேண்டாம். 'அலமறல்' என்று வல்லின றகரம் போடுவதும் தப்பு. முதல் தடவை பயன்படுத்துபவர்களுக்கு என் யோசனை, 'அலமந்து' என்ற வடிவத்தில் தொடங்குங்கள். "பிள்ளையைக் காணாமல் சந்தை முழுக்க அலமந்து திரிந்தாள்" என்று எழுதினால், சொல்லை அறியாத வாசகருக்கும் 'திரிந்தாள்' கைகொடுத்துப் பொருளைத் தந்துவிடும். பழைய சொல்லைத் தனியாக நிறுத்தினால் மிரண்டுபோகும், பக்கத்தில் தெரிந்த சொல் ஒன்றைத் துணைக்கு விடுங்கள்.

சரி, இதை உண்மையில் எப்படிக் கையாள்வது என்று கற்றுக்கொள்ள ஒரே ஒரு பாட்டுப் போதும் என்பேன். சம்பந்தர் திருவையாற்றில் பாடியது, ஏழாம் நூற்றாண்டு. "புலனைந்தும் பொறிகலங்கி நெறிமயங்கி அறிவழிந்திட்டு ஐம்மேல் உந்தி அலமந்த போதாக" என்று தொடங்குகிறது. சாகிற நேரம். ஐம்புலனும் கலங்கி, அறிவு தப்பி, கோழை மேலே முட்டிக்கொண்டு வருகிற நேரத்து அலமரல். என் பாட்டியின் கடைசி இரண்டு நாள் நான் பக்கத்தில் இருந்தேன். கண் திறக்கவில்லை, பேச்சில்லை, ஆனால் வலது கை மட்டும் போர்வையின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டும், விடும், தடவித் தேடும், மறுபடி சுருட்டும். "உசிரு அல்லாடுதுடா" என்றாள் அத்தை. அந்தக் கைதான் இந்த வரி.

அதே பாட்டின் கடைசி அடிக்கு வாருங்கள். கோயிலை வலம்வந்த பெண்கள் நடனமாட, முழவு அதிர, அதை இடி என்று நினைத்து மழைக்குப் பயந்து "சிலமந்தி அலமந்து மரமேறி முகில்பார்க்கும் திருவையாறே." நாலு குரங்கு மிரண்டு, தரையில் இருப்புக்கொள்ளாமல் மரமேறி, மேகம் எங்கே என்று அண்ணாந்து பார்க்கிறது! ஒரே பாட்டு, ஒரே சொல், ஒரு பக்கம் சாவு, ஒரு பக்கம் சிரிப்பு. பலரும் இதைச் சோகச் சொல் என்றே எடுத்துக்கொண்டு கண்ணீருக்கு மட்டும் ஒதுக்கிவிடுகிறார்கள். குரங்குக்கும் பொருந்துகிற சொல் இது. தெருநாய்க்கு, தீபாவளி வெடிக்குப் பயந்த பூனைக்கு, ரயில் எந்த பிளாட்பாரம் என்று தெரியாமல் மூட்டையும் பிள்ளைகளுமாகப் படி ஏறி இறங்குகிற குடும்பத்துக்கு, தாராளமாகப் போடலாம்.

இன்னொரு நுணுக்கம் குறுந்தொகையில் இருக்கிறது, 28ஆம் பாட்டு, ஔவையார். முட்டிக்கொள்ளவா, தாக்கவா, ஆவென்று கத்திவிடவா என்று ஒருத்தி ராத்திரியில் புலம்புகிறாள், ஊரோ தூங்குகிறது. அவள் நிலைகொள்ளாமல் தவிப்பது வரிக்கு வரி தெரிகிறது, ஆனால் அலமரல் என்ற சொல்லை அவளுக்குப் போடவே இல்லை. "அலமரல் அசைவளி அலைப்ப" என்று காற்றுக்குப் போட்டிருக்கிறார். சுழல்வது காற்று, அலைக்கழிவது அவள். இந்த உத்தியைத் திருடிக்கொள்ளுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். "அவன் அலமந்தான்" என்பதைவிட, "மேலே மின்விசிறி அலமந்துகொண்டிருந்தது, அவன் மூன்றாவது முறையாக மணி பார்த்தான்" என்பது வேலை செய்யும்.

நற்றிணை 9இல் "அலமரல் வருத்தம் தீர" என்று வருகிறது. காதலியோடு உடன்போக்கில், அதாவது வீட்டாருக்குத் தெரியாமல் ஊரைவிட்டு, நடந்துபோகிறவன் சொல்வது. வருத்தம் தீர்ந்தது என்று சொல்லிவிட்டு அவளிடம் என்ன கேட்கிறான் தெரியுமா? நிழல் காணும் இடமெல்லாம் நெடுநேரம் தங்கு, மணல் காணும் இடமெல்லாம் சின்ன மணல்வீடு கட்டி விளையாடு, மெதுவாகப் போகலாம் என்கிறான். அலமரல் முடிந்துவிட்டது என்று காட்ட, ஆளை உட்கார வைத்தால் போதும். எங்கள் மாப்பிள்ளையும் நர்ஸ் வெளியே வந்து சேதி சொன்னதும் சிரிக்கவில்லை, அழவில்லை, பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

இனி பக்கத்து வீட்டுச் சொற்கள், இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அலைபாய்தல் மனசுக்கும் கண்ணுக்கும், அதுவா இதுவா என்று பல பக்கம் ஓடுவது. தவிப்புக்கு ஒரு இலக்கு வேண்டும், தண்ணீருக்குத் தவிக்கிறான், பார்க்கத் தவிக்கிறாள். தத்தளிப்பில் கரை தெரியாது. பதைபதைப்பு ஒரு சேதியைக் கேட்ட கணத்தில் வருவது. துறுதுறுப்பில் ஓட்டம் மட்டும்தான், கவலை கிடையாது, அது மூன்று வயதுப் பிள்ளைக்கானது. பரபரப்பைப் பத்திரிகைக்காரர்கள் அடித்துத் துவைத்துவிட்டார்கள், அதை விட்டுவிடலாம்.

பேச்சில் அலமரலுக்கு மிக நெருக்கமானது 'இருப்புக்கொள்ளவில்லை' என்பதுதான். எனக்கு ரொம்பப் பிடித்த சொல், காரணம் அதன் இலக்கணம். இது எப்போதும் எதிர்மறையில்தான் வரும், 'எனக்கு இருப்புக்கொண்டது' என்று நம் ஊரில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அப்புறம், 'நான் தவிக்கிறேன்' என்பதில் தவிப்பது நான், 'எனக்கு இருப்புக்கொள்ளவில்லை' என்பதில் நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாக எனக்கு நடக்கிறது. பாத்திரம் பேசுகிற வசனத்தில் இதைப் போடுங்கள், கதை சொல்கிறவர் குரலில் அலமரலைப் போடுங்கள். ஆயா வாயில் அலமரலைத் திணித்தால் அங்கேயே கதை செத்துவிடும். ஒரு சிறுகதையில் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு, அதற்குமேல் போனால் வாசகர் சொல்லைப் பார்ப்பார், ஆளைப் பார்க்கமாட்டார்.

சொல்லவே கூடாத இடமும் உண்டு, டாக்டரிடம். அங்கே பழந்தமிழ் உதவாது, ஆனால் சொற்களைப் பிரித்துச் சொல்வது ரொம்பவே உதவும். படபடப்பு என்றால் அவர் நெஞ்சுத் துடிப்பைத்தான் முதலில் பார்ப்பார், உங்களுக்கு அது இல்லையென்றால் அந்தச் சொல்லைத் தொடாதீர்கள். இருப்புக்கொள்ளவில்லை என்றால் எந்த நேரத்தில், எத்தனை நாளாக என்று சேர்த்துச் சொல்லுங்கள். ராத்திரி படுத்தால் மட்டும் காலை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது, எழுந்து நடந்தால் சரியாகிறது என்றால், 'கால் வலி' என்று சுருக்காமல் இதை அப்படியே விவரியுங்கள். அது தனியாக ஒரு தொந்தரவு, சிலருக்கு உடம்பில் இரும்புச்சத்துக் குறைவதாலும் வரும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எங்கள் அம்மா ரொம்ப நாளாக அதைக் குடைச்சல் என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.