ஜெய்ப்பூரைக் கட்டிய வரிசையிலேயே காண்பது எப்படி: இரண்டு நாள் வழிகாட்டி

ஜெய்ப்பூருக்கு முதன்முறை சென்றபோது, வாடகைக் கார் ஓட்டுநர் தந்த பட்டியலின்படி ஒரே நாளில் ஏழு இடங்களைப் பார்த்தேன். ஊர் திரும்பிய பின் எந்தக் கண்ணாடி மண்டபம் எந்தக் கோட்டையில் இருந்தது என்பதுகூட நினைவில் நிற்கவில்லை. அடுத்த முறை சென்றபோது, அந்த ஊர் எந்த வரிசையில் கட்டப்பட்டதோ அதே வரிசையில் பார்த்தேன். மலைமேல் வாழ்ந்த ஓர் அரசு பாதுகாப்பைவிட வணிகத்தையும் அறிவையும் பெரிதாக எண்ணிச் சமவெளிக்கு இறங்கிய கதைதான் ஜெய்ப்பூர். அந்தக் கதையை நடந்தே படிக்க இரண்டு முழு நாள்கள் தேவை. அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்பதை இங்கே சொல்கிறேன்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே ஏற்றவை. ஏப்ரலுக்குப் பிறகு கோட்டைகளின் கல்தரை தாங்க முடியாத அளவுக்குச் சுடும். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் நேரடி ரயில்கள் உண்டு என்றாலும், அவை தினமும் இயங்குவதில்லை என்பதால் முன்பதிவை வைத்தே பயண நாளை முடிவு செய்ய வேண்டியிருக்கும். தங்கும் இடத்தைப் பழைய நகரின் மதிலுக்கு அருகிலோ ரயில் நிலையத்தை ஒட்டியோ தேர்ந்தெடுங்கள். ரயில் நிலையத்திலிருந்து பழைய நகரின் நடுவில் இருக்கும் படீ சௌபட் வரை மெட்ரோ செல்வதால், இரண்டாம் நாள் பழைய நகரைப் பார்க்க வாகனமே தேவைப்படாது.

நுழைவுச்சீட்டைப் பற்றி முதலிலேயே தெளிவு வேண்டும். ஆமேர் கோட்டை, ஹவா மகால், ஜந்தர் மந்தர், நாகர்கர், ஆல்பர்ட் ஹால் ஆகியவை மாநில அரசின் பொறுப்பில் இருப்பதால், இவை அனைத்துக்கும் பொதுவான ஒரே கூட்டுச்சீட்டு கிடைக்கிறது. வாங்கிய நாளிலிருந்து இரண்டு நாள்கள் அது செல்லும். நகர அரண்மனையும் ஜெய்கர் கோட்டையும் அரச குடும்பத்தின் பொறுப்பில் உள்ளவை என்பதால் அவற்றுக்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டும். மாணவர்கள் கல்லூரி அடையாள அட்டையைக் கையோடு கொண்டு சென்றால் கட்டணம் குறையும்.

முதல் நாளை ஆமேரில் தொடங்குங்கள். நகரிலிருந்து 11 கிலோமீட்டர் வடக்கே, ஆரவல்லி மலைச்சரிவில், மாவோட்டா ஏரியின் மேலே அந்தக் கோட்டை நிற்கிறது. காலை 8 மணிக்குக் கதவு திறக்கும்போதே அங்கிருப்பது நல்லது. பத்து மணிக்குமேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிட்டால் எந்த முற்றத்திலும் அமைதியாக நிற்க இயலாது. மேலே செல்ல ஜீப் உண்டு, யானைச் சவாரியும் உண்டு. வெயிலில் கல்பாதையில் ஆள்களைச் சுமந்து ஏறும் அந்த யானைகளைப் பார்த்தபின் சவாரியை யாருக்கும் பரிந்துரைக்க என் மனம் ஒப்பவில்லை. முழங்கால் வலி இல்லாதவர்கள் ஏரிக்கரையிலிருந்து நடந்தே ஏறலாம். கால் மணி நேரம் போதும், திருப்பத்துக்குத் திருப்பம் கோட்டை வேறு வேறு முகம் காட்டும்.

அக்பரின் படைத்தலைவராக விளங்கிய ராஜா மான்சிங் 1592-இல் இப்போதைய அரண்மனையைக் கட்டத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்தவர்கள் முன்பக்கமாகச் சேர்த்துக்கொண்டே வந்ததால், நாம் நுழையும் பகுதி புதியது, உள்ளே போகப் போகப் பழையது. முதல் முற்றத்தின் ஓரத்தில் சிலா தேவி கோயில் இருக்கிறது. வங்கத்துப் போர்களின்போது மான்சிங் அங்கிருந்து கொண்டுவந்த திருவுருவம் என்பது மரபு. அடுத்து, தூண்கள் நிறைந்த பொது மண்டபம். அதன்பின் வண்ண ஓவியங்களோடு கணேச வாயில். அந்த வாயிலைக் கடந்ததும் எல்லோரும் கண்ணாடி மகாலை நோக்கி விரைவார்கள். நீங்கள் சற்றே எதிர்த் திசையில் திரும்பி, சுக நிவாஸைப் பாருங்கள். சுவரிலிருந்து வழியும் நீர் பளிங்கு வாய்க்கால் வழியாக அறையைக் கடந்து தோட்டத்துக்குச் செல்லும்படி அமைத்திருக்கிறார்கள். அதன்மேல் பட்டு வரும் காற்றே அந்த அறையைக் குளிரவைத்தது. கண்ணாடி மகாலின் அழகு ஒரு நொடியில் கண்ணைப் பறித்துவிடும், ஆனால் பாலை நிலத்தின் ஓரத்தில் வாழ்ந்தவர்கள் தண்ணீரை எப்படி நடத்தினார்கள் என்பதை இந்த வாய்க்கால்தான் கற்றுத்தருகிறது.

கண்ணாடி மகாலோடு திரும்பிவிடாமல், கடைசியில் உள்ள மான்சிங் அரண்மனை வரை செல்ல வேண்டும். நடுவே திறந்த தூண்மண்டபமும், சுற்றிலும் அரசியரின் அறைகளும், குறுகிய நடைகளும் கொண்ட அந்தப் பகுதியில் அலங்காரம் மிகக் குறைவு. அதனாலேயே கூட்டமும் குறைவு. கோட்டையைவிட்டு இறங்கியதும் ஆமேர் ஊருக்குள் இருக்கும் பன்னா மீனா படிக்கிணற்றை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். குறுக்கும் நெடுக்குமாக இறங்கும் அதன் படிகளை மேலிருந்து காண்பதே சிறப்பு.

ஆமேருக்கு நேர் மேலே, அதே மலையின் முகட்டில் ஜெய்கர் இருக்கிறது. ஆமேரைக் காக்க எழுந்த இக்கோட்டையில் மாளிகை அழகை எதிர்பார்க்கக் கூடாது. இது படைவீடு. 1720-இல் இங்கேயே வார்க்கப்பட்ட ஜெய்வாண பீரங்கி ஏறத்தாழ 50 டன் எடை உள்ளது. சக்கரங்களின்மேல் நிறுத்தப்பட்ட பீரங்கிகளில் இதுவே உலகில் பெரியது என்று சொல்லப்படுகிறது. அதைவிட என்னைக் கவர்ந்தவை, மலைச்சரிவுகளில் விழும் மழைநீரை வாய்க்கால்களால் திரட்டிச் சேர்த்த பெரிய நீர்த்தொட்டிகள். நண்பகலுக்குள் ஜெய்கரை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில், மான் சாகர் ஏரிக்கு நடுவே இருக்கும் ஜல் மகாலைக் கரையிலிருந்தே பாருங்கள். உள்ளே செல்ல அனுமதி இல்லை. ஜெய்கரிலிருந்து அதே முகட்டுச் சாலையில் நாகர்கருக்கும் சென்றுவிடலாம் என்று ஓட்டுநர்கள் வற்புறுத்துவார்கள். அதை ஏற்க வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் நாள், மலையிலிருந்து இறங்கி வந்த நகரத்துக்குரியது. ஆமேரில் இடமும் நீரும் போதாமற்போகவே, அரசர் இரண்டாம் சவாய் ஜெய்சிங் 1727 நவம்பர் 18 அன்று புதிய தலைநகருக்கு அடிக்கல் இட்டார். வங்கத்தைச் சேர்ந்த வித்யாதர் பட்டாச்சார்யா வகுத்த அமைப்பில், நேரான அகன்ற தெருக்கள் நகரை ஒன்பது கட்டங்களாகப் பிரித்தன. இன்று நாம் காணும் காவி கலந்த இளஞ்சிவப்பு நிறம் அப்போது கிடையாது. 1876-இல் இங்கிலாந்து இளவரசரின் வருகைக்காக இரண்டாம் ராம்சிங் காலத்தில் பூசப்பட்டது.

காலையில் முதலில் ஹவா மகாலின் முன் நில்லுங்கள். 1799-இல் பிரதாப்சிங் கட்டிய இதன் முகப்பு கிழக்கு நோக்கியது. ஆகவே காலை வெயிலில்தான் அதன் 953 சாளரங்களும் உயிர்பெறும். மாலையில் செல்பவர்கள் நிழலைத்தான் படமெடுப்பார்கள். உள்ளே செல்லும் வழி பின்புறத் தெருவில் இருக்கிறது. மேல்தளங்களுக்குப் படிகளுக்குப் பதிலாகச் சாய்தளங்கள் உள்ளன. மேலே ஏறி அந்தச் சின்னச் சாளரம் ஒன்றின் அருகே அமர்ந்து வீதியைப் பாருங்கள். வெளியே வர இயலாத அரண்மனைப் பெண்களுக்கு உலகம் எவ்வளவு அகலத்தில் தெரிந்தது என்பது அப்போதுதான் விளங்கும்.

அங்கிருந்து நடக்கும் தொலைவில் நகர அரண்மனை. பிரீதம் நிவாஸ் முற்றத்தில் நான்கு பருவங்களுக்கு நான்கு வாயில்கள் உண்டு. மழைக்காலத்துக்குப் பிந்தைய கூதிர்ப் பருவத்துக்கான மயில் வாயிலின் முன் எப்போதும் வரிசை நிற்கும். அரண்மனையில் இருக்கும் இரண்டு வெள்ளிக் குடங்களையும் தவறவிட வேண்டாம். ஒவ்வொன்றும் சுமார் 345 கிலோ எடை. 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்குச் சென்ற இரண்டாம் மாதோசிங், கடல் கடந்தும் கங்கை நீரையே பருக வேண்டும் என்று இவற்றில் நிரப்பிக் கப்பலில் கொண்டு சென்றார். ஏழு நிலைச் சந்திர மகாலின் ஒரு பகுதியில் அரச குடும்பத்தினர் வாழ்வதால், அதன் மேல்தளங்களுக்குச் செல்ல விலை உயர்ந்த வேறு சீட்டு வேண்டும்; அவசியம் என்று சொல்ல மாட்டேன்.

இப்பயணத்தின் சிகரம் ஜந்தர் மந்தர். உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்குங்கள். ஜெய்சிங் ஐந்து ஊர்களில் வானியல் கூடங்களை அமைத்தார். அவற்றுள் பெரியதும் முழுமையாக நிற்பதும் இதுவே. 2010-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கருவிகளின் பயன் தெரியாமல் சுற்றினால் வெறும் சுண்ணாம்புப் படிக்கட்டுகளாகவே தோன்றும். எனவே அரசு உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை இங்கே மட்டுமாவது அமர்த்திக்கொள்ளுங்கள். அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

முதலில் சிறிய சம்ராட் யந்திரத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு பெரியதற்குச் செல்வது எளிது. இரண்டும் சூரியக் கடிகாரங்களே. ஜெய்ப்பூரின் அட்சரேகைக்கு ஏற்ப 27 பாகை சாய்ந்து துருவ நட்சத்திரத்தை நோக்கும் சுவரும், அதன் இருபுறமும் வளைந்த அளவுகோல்களும் கொண்டவை. பெரியது 27 மீட்டர் உயரம் என்பதால் அதன் நிழல் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. அளவுகோலின் ஓரத்தில் விரலை வைத்துக் காத்திருந்தால், நிழல் விரலைக் கடந்து செல்வதைக் கண்ணால் காணலாம். பூமி சுழல்வதை இவ்வளவு அருகில் நான் வேறெங்கும் உணர்ந்ததில்லை. கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, கருவி தவறு என்று முடிவு செய்துவிட வேண்டாம். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவது. ஜெய்ப்பூர் அதற்கு மேற்கே இருப்பதால் இங்கே சூரியன் சராசரியாக 27 நிமிடம் பின்தங்கும். பருவத்துக்கேற்ப அந்த வேறுபாடு மாறி, நவம்பர் தொடக்கத்தில் 11 நிமிடமாகச் சுருங்கும். பிப்ரவரி நடுவில் 41 நிமிடமாக விரியும். உச்சிவேளையில் மேற்கு அளவுகோலில் இருந்த நிழல் கிழக்குக்கு மாறும் கணத்தைக் காண, அதற்கேற்ப நண்பகல் 12 மணிக்குப் பிறகும் காத்திருக்க வேண்டும். மேகமூட்டமான நாளில் எந்தக் கருவியும் பேசாது என்பதால், வானம் மூடியிருந்தால் இரண்டு நாள்களின் வரிசையை மாற்றிக்கொள்வதில் தயங்க வேண்டாம்.

மதிய உணவுக்குப் பருப்பும், சுட்ட கோதுமை உருண்டையும், இனிப்புப் பொடியும் சேர்ந்த தால் பாட்டி சூர்மா, நடுநடுவே வெங்காயக் கச்சோரி. நேரம் மிஞ்சினால் 1887-இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். ஆட்டோவில் ஏறும்போது கடை எதற்கும் போக வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிக் கூலி பேசுங்கள். ரத்தினக் கடைகளுக்குத் தரகுக்காக அழைத்துச் செல்வது அங்கே வழக்கம்.

மாலையில் நாகர்கர். 1734-இல் ஜெய்சிங் எழுப்பிய இக்கோட்டையில், அரசியருக்கென ஒரே அமைப்பில் கட்டி நடைவழிகளால் இணைத்த மாதவேந்திர பவனம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுச் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மதில் ஓரத்துக்கு வந்துவிடுங்கள். முதல் நாளே இங்கு வர வேண்டாம் என்றதன் காரணம் இதுதான்: நகரை நடந்து பார்க்காதவருக்குக் கீழே தெரிவது வீடுகளின் திரள் மட்டுமே, நடந்து பார்த்தவருக்கு நேர்த்தெருக்களும், சந்திர மகாலின் நிலைகளும், சம்ராட் யந்திரத்தின் சாய்ந்த சுவரும் தனித்தனியே புலப்படும். இறங்கும் மலைச்சாலை இருளும் வளைவுகளும் நிறைந்தது, இரவில் அங்கே வண்டி கிடைப்பது அரிது. ஏறி வந்த வண்டியையே காத்திருப்புக் கூலி பேசி நிறுத்திவைத்துக்கொள்ளுங்கள்.