சிடி4 ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

போன வாரம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடும் ஒரு அக்கா, ஸ்வெட்டருக்குள் நான்காக மடித்து வைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்து, கொழுந்து பறித்துக் கறையேறிய விரலால் ஒரு எண்ணைத் தொட்டுக் காட்டினார். 310. ஆறு மாதம் முன்னால் 340 இருந்ததாம். "முப்பது குறைஞ்சிருச்சே தம்பி, மாத்திரை வேலை செய்யலையா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த எண் எதன் கணக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளையணுக்களில் சிடி4 என்று ஒரு வகை, எஸ்டேட் கங்காணி மாதிரி. கிருமி வந்தால் மற்ற அணுக்களைக் கூப்பிட்டு வேலை வாங்குவது அதுதான். எச்.ஐ.வி. நேராக அந்தக் கங்காணிக்குள்ளேயே புகுந்து, தன் மரபுத் தகவலான ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, நம் அணுவின் டி.என்.ஏ.வோடு சேர்த்துவிடுகிறது. அப்புறம் அந்த அணு புது வைரஸ்களாகச் செய்து தள்ளிச் சாகிறது. கொடுமை என்னவென்றால், வைரஸ் தொடாத சிடி4 அணுக்களும் கூடவே அழிகின்றன. சிடி8 என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்களோ பெருகுகின்றன. அதனால்தான் வழக்கமாக 1-க்கு மேல் இருக்கும் சிடி4–சிடி8 விகிதம் தலைகீழாகிறது.

ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500 முதல் 1500 வரை சிடி4 இருப்பது இயல்பு. 200-க்குக் கீழே என்றால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவே கூடாது, நிமோனியா மாதிரியான தொற்றுகள் அப்போது சுலபமாகப் பாயும்.

ஆனால் 340, 310 ஆனதற்குப் பயப்பட வேண்டாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இந்த எண் ஒரே நாளிலேயே மாறும், சளிக்காய்ச்சல் வந்தாலும் இறங்கும். பக்கத்தில் இருக்கும் சிடி4 சதவீதத்தைப் பாருங்கள், லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களில் நூற்றுக்கு எத்தனை சிடி4 என்பது அது, அவ்வளவு ஆடாது. பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்து, ஏறுமுகமா இறங்குமுகமா என்று பாருங்கள்.

மாத்திரை வேலை செய்கிறதா என்று சொல்வது வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்ற கணக்கு. சிகிச்சை தொடங்கி ஆறாம் மாதம் அதை எடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். அது கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே இருந்தால், உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சில சிடி4 அணுக்களுக்குள் வைரஸ் தூங்கிக்கொண்டிருக்கும், நிறுத்தினால் சில வாரங்களில் எழுந்துவிடும்.

அக்காவின் வைரல் லோடு ரிப்போர்ட் அடுத்த தாளிலேயே இருந்தது: 'கண்டறியப்படவில்லை'. அதை யாரும் அவருக்குப் படித்துச் சொல்லவில்லை. உங்களுக்கும் புரியாவிட்டால் எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் உட்கார்ந்து கேளுங்கள், இல்லையென்றால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.