முதல் தலைமுறை மஸ்டாங்கில் தொய்ந்த பின்பக்க லீஃப் ஸ்பிரிங்குகளை மாற்றும் முறை

ஃபோர்டு நிறுவனம் 1964 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய மஸ்டாங்கின் முதல் தலைமுறைக் கார்கள் அனைத்திலும், 1973 வரை, பின் ஆக்ஸில் (பின்சக்கரங்களின் அச்சு), எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த இரண்டு லீஃப் ஸ்பிரிங்குகளின் மீதே அமர்ந்திருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எடையைத் தாங்கிய எஃகுப் பட்டைகள் தம் வளைவை இழந்து, காரின் பின்பகுதி தரையை நோக்கித் தாழ்ந்துவிடுவது இயல்பு. இதைத் தோற்றக் குறையாக மட்டும் கருதிவிடக் கூடாது. இந்தக் கார்களில் ஆக்ஸிலை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பதற்கு வேறு கம்பிகள் எவையும் இல்லை. எடையைத் தாங்குவது, ஆக்ஸிலை அதன் இடத்தில் நிறுத்துவது, எஞ்சினின் திருகுவிசையால் ஆக்ஸில் புரண்டுவிடாமல் தடுப்பது ஆகிய மூன்று வேலைகளையும் இந்தப் பட்டைகளே செய்கின்றன. 428 கோப்ரா ஜெட் போன்ற வலிமையான எஞ்சின் கொண்ட 1969 மாக் 1 வகை மஸ்டாங்கில் பட்டை தளர்ந்திருந்தால், வேகமெடுக்கும்போது பின்சக்கரங்கள் துள்ளத் தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

பின்பகுதியை உயர்த்துவதற்கு நீளமான ஷாக்கிள்களை (ஸ்பிரிங்கின் பின்முனையைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் அசையும் இணைப்புகளை) பொருத்துவதும், காற்றடைத்த ஷாக் அப்சார்பர்களை மாட்டுவதும் 1970களில் பரவலாக இருந்தன. இரண்டையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். நீளமான ஷாக்கிள் ஆக்ஸிலின் கோணத்தை மாற்றிவிடுகிறது. காற்று ஷாக்கோ, அதிர்வை அடக்குவதற்காக மட்டுமே அமைக்கப்பட்ட தகட்டின் மீது காரின் எடையை ஏற்றுகிறது. இந்த இரண்டு வழிகளிலும் தளர்ந்த பட்டை தளர்ந்ததாகவே இருக்கும்.

முதலில் அளந்து பாருங்கள்

சமதளத்தில் காரை நிறுத்தி, டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிசெய்து, டிக்கியைக் காலிசெய்த பின், சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரையுள்ள உயரத்தை நான்கு சக்கரங்களிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்பு காரின் பக்கவாட்டில் குனிந்து பட்டைகளைப் பாருங்கள். அவை தட்டையாகவோ எதிர்த்திசையில் வளைந்தோ இருந்தால் வேறு சான்று தேவையில்லை. பட்டை தட்டையாகும்போது அதன் முனைகளுக்கு இடையிலான தூரம் கூடுவதால், பின்முனையில் உள்ள ஷாக்கிள் வழக்கத்தைவிட அதிகமாகப் பின்னோக்கிச் சாய்ந்து நிற்கும்.

வாங்க வேண்டியவை

ஸ்பிரிங்குகளை எப்போதும் ஜோடியாகவே வாங்க வேண்டும். சாலையில் ஓட்டும் காருக்கு நான்கு பட்டை கொண்ட ஸ்பிரிங் போதுமானது. ஐந்து பட்டை கொண்டது பயணத்தைக் கடினமாக்கும். போல்ட் நுழையும் முனை வளையத்தின் அமைப்பை மாற்றிக் காரைத் தாழ்த்துவதற்கென்றே செய்யப்பட்ட ஸ்பிரிங்குகளும் விற்பனையில் உள்ளன என்பதால், உங்களுக்கு வேண்டியது தொழிற்சாலை உயரம்தான் என்பதைக் கடையில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஸ்பிரிங்குடன் புதிய யூ போல்ட்டுகள் (ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு சேர்த்து இறுக்கும் யூ வடிவப் போல்ட்டுகள்), ஷாக்கிள்கள், ரப்பர் புஷ்கள் (முனை வளையங்களுக்குள் அமரும் ரப்பர் உறைகள்), முன்முனைப் போல்ட்டுகள், நட்டுகள் அனைத்தையும் சேர்த்தே வாங்குங்கள். ஒருமுறை இறுக்கிய யூ போல்ட் நீண்டுவிட்டிருக்கும். அதை மீண்டும் பயன்படுத்துவது தவறு. கருவிகளைப் பொறுத்தவரை, அங்குல அளவு சாக்கெட்டுகள், டார்க் ரெஞ்ச் (குறித்த திருகுவிசை அளவில் இறுக்க உதவும் கருவி), தரை ஜாக்கி, நான்கு ஜாக் ஸ்டாண்டுகள், முன்னும் பின்னும் ஓடும் மின்வாள் ஆகியவை தேவைப்படும்.

வேலைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே எல்லா நட்டுகளிலும் துரு தளர்த்தும் எண்ணெயைத் தெளித்து வாருங்கள்.

காரை உயர்த்துதல்

முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, பின்சக்கர நட்டுகளைச் சற்றே தளர்த்திய பிறகு, ஆக்ஸிலின் நடுவில் பருத்துத் தெரியும் டிஃபரன்ஷியலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துக் காரை உயர்த்துங்கள். ஸ்பிரிங்கின் முன்முனைக்குச் சற்று முன்னால், காரின் அடிச்சட்டத்தின் கீழ் இருபுறமும் ஸ்டாண்டுகளை வைத்து எடையை அவற்றின் மேல் இறக்குங்கள். உடலைக் கையால் அசைத்துப் பார்த்து, அது அசையவில்லை என்று உறுதிசெய்துகொள்ளாமல் அடியில் படுக்காதீர்கள். சக்கரங்களைக் கழற்றிய பின், ஆக்ஸில் குழலின் இரு முனைகளுக்கு அடியிலும் மற்ற இரண்டு ஸ்டாண்டுகளை வையுங்கள். ஆக்ஸில் அதிகமாகத் தொங்கினால் பிரேக் ரப்பர் குழாய் இழுபட்டுக் கிழியும் என்பதால் அதை அடிக்கடி கவனிக்க வேண்டும்.

ஒரு பக்கத்தை முழுமையாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். மறுபக்க ஸ்பிரிங் ஆக்ஸிலை அதன் இடத்தில் பிடித்திருப்பதால் எஞ்சினின் சுழற்சியை ஆக்ஸிலுக்குக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டிய தேவை எழாது.

பழையதைக் கழற்றுதல்

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு மூட்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டின் தலை எந்தப் பக்கம் இருந்தது என்பது திரும்பப் பொருத்தும்போது நினைவில் நிற்காது. முதலில் ஷாக் அப்சார்பரின் அடிமுனையைக் கழற்றி ஒதுக்குங்கள். யூ போல்ட் நட்டுகள் நான்கையும் கழற்றி, அடித்தட்டை எடுத்துவிட்டு, பட்டைகளை ஒன்றாகக் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸிலில் உள்ள குழியிலிருந்து விடுபடும் அளவுக்கு ஆக்ஸிலை ஜாக்கியால் சற்று உயர்த்துங்கள். அடுத்தது பின்முனை ஷாக்கிள்.

இந்த வேலையில் பெரும்பாலோர் சிக்கிக்கொள்ளும் இடம் முன்முனைப் போல்ட்டுதான். நட்டு எளிதாகக் கழன்றுவிடும், போல்ட்டும் சுற்றும், ஆனால் வெளியே வராது. புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு போல்ட் துருவால் ஒட்டிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து ரப்பருக்குள் சுழல்வதே இதன் காரணம். சுத்தியலால் ஓங்கி அடித்தால் அடிச்சட்டத்தின் தகடு வளையும். வளையத்துக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இடுக்கில் மின்வாளை நுழைத்து, போல்ட்டை இருபுறமும் அறுத்துவிடுவதே நல்லது. பொறுமையுடன் செய்தால், பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆனாலும், சட்டம் பழுதின்றித் தப்பும்.

நெருப்பைப் பயன்படுத்தாதீர்கள். 1970 வரையிலான மஸ்டாங்குகளில் பெட்ரோல் தொட்டியின் மேற்பரப்பே டிக்கியின் தரையாக இருக்கிறது. ஷாக்கிள்கள் அதற்கு மிக அருகில் உள்ளன. பெட்ரோல் குழாயும் காரின் அடிப்பகுதியை ஒட்டியே முன்னோக்கிச் செல்கிறது. கேஸ் டார்ச்சால் சூடாக்கிப் போல்ட்டைக் கழற்றும் வழக்கத்தை இங்கே முற்றிலும் விட்டுவிட வேண்டும்.

ஸ்பிரிங் வெளியே வந்ததும், அது இருந்த இடத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, முன்முனை பொருந்தும் பகுதியில் துரு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று தட்டிப் பாருங்கள். அங்கே தகடு அரித்திருந்தால், வெல்டிங் வேலை முடியும் வரை புதிய ஸ்பிரிங்கை மாட்டக் கூடாது.

புதியதைப் பொருத்துதல்

சென்டர் போல்ட் ஸ்பிரிங்கின் நடுவில் இருப்பதில்லை. அதிலிருந்து அளந்தால் ஒரு பக்கம் குட்டையாகவும் மறுபக்கம் நீளமாகவும் இருக்கும். குட்டையான பக்கமே காரின் முன்புறம் வர வேண்டும். முன்முனைப் போல்ட்டில் துருத் தடுப்புப் பசையைத் தடவி நுழைத்து, நட்டைக் கையால் மட்டும் திருகிவிடுங்கள். பிறகு, ஒருவர் ஸ்பிரிங்கைத் தாங்கிப் பிடிக்க, பின்முனையை ஷாக்கிளில் கோத்து அதையும் தளர்வாகவே விடுங்கள். ஆக்ஸிலை மெல்ல இறக்கும்போது சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸிலின் குழிக்குள் முழுமையாக அமர்வதை விரலால் தடவியே உறுதிசெய்ய வேண்டும். அது விளிம்பில் நிற்கும்போது யூ போல்ட்டை இறுக்கினால் ஆக்ஸில் கோணலாக அமர்ந்து, கார் நேராக ஓடாது.

யூ போல்ட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்கி, நான்கிலும் வெளியே தெரியும் மரை ஒரே அளவில் இருக்குமாறு கொண்டுவந்து, உங்கள் கார் வெளியான ஆண்டுக்குரிய ஃபோர்டு பணிமனைக் கையேடு சொல்லும் டார்க் அளவில் முடியுங்கள். ஷாக் அப்சார்பரை மாட்டிவிட்டு, மறுபக்கத்தில் இதே வேலையைத் தொடங்கலாம்.

எடை இறங்கிய பிறகே இறுதி இறுக்கம்

முன்முனைப் போல்ட்டையும் ஷாக்கிள் நட்டுகளையும் கார் தரையில் நின்று, எடை சக்கரங்களின் மேல் இருக்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். ரப்பர் புஷ் சுழன்று வேலை செய்வதில்லை. முறுக்கிக்கொண்டு வேலை செய்கிறது. நான் முதன்முறை இந்த வேலையைச் செய்தபோது கார் ஸ்டாண்டின் மேல் இருக்கும்போதே எல்லாவற்றையும் இறுக்கிவிட்டேன். கார் கீழே இறங்கியதும் புஷ்கள் நிரந்தரமாக முறுக்கப்பட்ட நிலையில் சிக்கி, பின்பகுதி தேவைக்கு மேல் உயர்ந்து நின்றது. ஓராண்டுக்குள் ரப்பர் கிழிந்ததால் முன்முனை வேலை முழுவதையும் திரும்பச் செய்ய நேர்ந்தது. அடியில் இடம் போதவில்லை என்றால், நான்கு சக்கரங்களையும் சரிவுப் பலகைகளின் மேல் ஏற்றி நிறுத்திக்கொள்ளுங்கள்.

பின்பகுதி முதல் சில நாட்கள் சற்று உயரமாகத் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம். ஓட ஓடப் புதிய பட்டைகள் படிந்து அமரும். ஏறத்தாழ 100 மைல் ஓட்டிய பின் யூ போல்ட்டுகளை மீண்டும் டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, தொடக்கத்தில் எடுத்த நான்கு உயரங்களையும் அளந்து ஒப்பிடுங்கள். பின்பகுதி உயர்ந்ததால் முகப்பு விளக்குகளின் ஒளி முன்பைவிடக் காருக்கு அருகிலேயே விழும். இரவில் ஓட்டுவதற்கு முன் சுவருக்கு எதிரே நிறுத்தி அவற்றின் கோணத்தையும் திருத்திவிடுங்கள்.