வட்டமடிக்கிற பருந்தைப் படத்தில பிடிக்கிறது

பிணந்தின்னிக் கழுகு பறக்கேக்க எப்பிடி அண்ணை படம் எடுக்கிறது எண்டு ஒரு தம்பி கேட்டவன். வன்னியில அது இல்லையடா, அதுக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் முதுமலை, மாயாறு எண்டு போகவேணும், அங்கயும் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் எண்ட வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ன கழுகுகளின்ர சிறுநீரகத்தைப் பழுதாக்கிக் கொன்றது போக மிஞ்சினதுதான், 2006இலதான் அந்த மாட்டு மருந்தை இந்தியா தடை செய்தது. ஆனா கை பழக எங்கட செம்பருந்தும் வெள்ளை வயித்துக் கடல்கழுகும் காணும், எல்லாத்துக்கும் ஒரே விளையாட்டுத்தான், செட்டை அடிக்காம சூட்டுக் காத்தில ஏறுறது.

அதால விடிய ஆறு மணிக்குப் போய் நிண்டு பிரியோசனமில்லை. நிலம் சூடாகவேணும். எட்டரை ஒன்பதுக்கு ஏறத் தொடங்கேக்க பதிவா, உயரம் குறைய நிக்கும், அப்ப எடுத்தாத்தான் உண்டு, பத்தரைக்குப் பிறகு புள்ளியாப் போயிடும், கானலும் சேர்ந்து எவ்வளவு விலை லென்ஸ் எண்டாலும் படம் தண்ணிக்குள்ள பாத்தமாதிரித்தான் வரும்.

எல்லாரும் கமராவைப் பற்றியே கதைக்கினம், காத்தைப் பாக்கிறேல்லை. மார்கழி தையில வாடை வடகிழக்கால அடிக்கும், காலமை வெயிலும் கிழக்கால, அப்ப முல்லைத்தீவுக் கரையில கடலுக்கு முதுகைக் காட்டி நிண்டா, காத்தை எதிர்த்து மிதக்கிற பருந்து பனைக்கு மேலால உங்களைப் பாத்துக்கொண்டே வரும், வெயில் நேர அதின்ர முகத்தில விழும், கண்ணுக்குள்ள மினுக்கம் கூடத் தெரியும். சோளகம், அதாவது தென்மேற்குக் காத்து, அடிக்கேக்க அதே இடத்தில காலமை நிண்டா வால்தான் கிடைக்கும், பின்னேரம் நாலு மணிக்குப் போய் மற்றப் பக்கம் திரும்பி நில்லுங்கோ. கரைவலை இழுக்கிற நாளெண்டா இன்னும் சுகம், அது தலைக்கு மேலயே சுத்தும்.

வட்டமடிக்கேக்க பின்னால கலைக்காதேங்கோ. முதல் ரெண்டு சுத்தையும் சும்மா பாருங்கோ, ஒவ்வொரு சுத்திலயும் ஒரே இடத்தில உடம்பைச் சரிச்சு முதுகைக் காட்டும், அந்தச் செங்கல் நிறம் அப்பிடியே பத்தி எரியும், மூண்டாம் சுத்தில அந்த இடத்துக்கு வர முன்னமே ஃபோகஸைப் பிடிச்சு அமத்தத் தொடங்குங்கோ. ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடர்ற மோட்ல இருக்கவேணும், சொல்லத் தேவையில்லை.

செட்டிங்ஸ்? மனுவல், எல்லாத்தையும் நாங்களே வைக்கிறது. நல்ல காலமை வெயிலுக்கு ஐஎஸ்ஓ 400, எஃப் 6.3, ஷட்டர் 1/2000 செக்கன், அதில தொடங்கி ஒரு படத்தைப் பாத்து ஏத்தி இறக்குங்கோ. நான் முந்தி கமராவை ஆட்டோவில விட்டு, வானம் வெளிச்சம் எண்டு படத்தின்ர வெளிச்சத்தை ஒண்டரை ஸ்டொப் கூட்டி வச்சனான், இரணைமடுக் குளக்கட்டில ஒரு பருந்து வானத்தில இருந்து காட்டுப் பச்சைக்கு முன்னால இறங்கி மீனோட எழும்பினது, வீட்ட வந்து பாத்தா மீன்ர செதில் வடிவாத் தெரியுது, பருந்தின்ர தலை பல்ப் மாதிரி வெள்ளை, ஒரு இறகும் இல்லை. இருவது படமும் அப்பிடி. வெயிலில நிக்கிற பறவைக்குப் பின்னால எது மாறினாலும் அதில விழுற வெயில் மாறாது, அதுதான் மனுவல்.

மேல பாத்துக்கொண்டு பின்பக்கமா நடக்காதேங்கோ. மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை நிக்கிற பக்கம் கால் வைக்கவே வேண்டாம், பெரிய லென்ஸை ஆமி காம்ப் பக்கம் திருப்பவும் வேண்டாம், நீங்கள் பருந்தைத்தான் எடுத்தனீங்கள் எண்டு விளங்கப்படுத்தி முடியிறதுக்குள்ள பருந்து போயிடும்.